கிரியாட்டினின் கூடிய வீட்டில் கோழிக்கறி

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் கூடிவிட்டது என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது கோழிக்கறிதான்; எங்கள் வீட்டிலும் அப்பாவின் தட்டிலிருந்து அது ஒரே நாளில் காணாமற்போனது. உணவியல் நிபுணர் போட்டுக் கொடுத்த கணக்கு அதைத் திரும்ப அழைத்து வந்தது, அளவோடு.

டயாலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளிக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் அளவில் புரதம் போதும் என்கிறது சிறுநீரக நோய்க்கான உலகளாவிய அமைப்பான கேடிகோவின் (KDIGO) 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதைவிடக் குறைவாகச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 48 கிராம். தோல் நீக்கி வேகவைத்த நெஞ்சுக்கறி 100 கிராமிலேயே ஏறத்தாழ 30 கிராம் புரதம் இருக்கிறது. சோறு, பருப்பு, தயிர், இட்லி ஆகியவற்றிலிருந்தும் புரதம் வந்து சேர்வதால், கறி உண்ணும் நாளில் 50 கிராம் கறியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. டயாலிசிஸ் தொடங்கியவருக்கோ கணக்கு தலைகீழாகிவிடும். இரத்தத்தைச் சுத்திகரிக்கும்போது புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் வெளியேறிவிடுவதால், அவருக்குக் கிலோ ஒன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவைப்படுகிறது. ஒருவருடைய பத்தியத்தை இன்னொருவர் கேட்டுப் பின்பற்றுவது இதனாலேயே ஆபத்தானது.

எங்கள் உறவினர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருந்தது சூப்பைப் பற்றித்தான். நோயாளி என்றாலே நாட்டுக்கோழி சூப் வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவருவது நம் அன்பின் வழக்கம். ஆனால் கறியை வேகவைக்கும்போது, பழுதடைந்த சிறுநீரகம் சரியாக வெளியேற்ற முடியாத பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடுகிறது. ஆகவே சூப்பைக் கொடுத்துக் கறியை ஒதுக்குவதைவிட, சிறு துண்டுகளாக நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, கறியை மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துப் பிரட்டிக் கொடுப்பதே பொருத்தம். நீர் அருந்தக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்குச் சூப்பும் அந்தக் கணக்கில்தான் சேரும். நாட்டுக்கோழியா பிராய்லரா என்ற விவாதத்தை இங்கே நான் பொருட்படுத்துவதில்லை. இரண்டிலும் புரதம் புரதம்தான்.

உண்மையில் அஞ்ச வேண்டியது உறைய வைத்த நக்கெட்ஸ், சாசேஜ் போன்றவற்றை. இயற்கையாகக் கறியில் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ பாதியளவே உடலில் சேர்கிறது. பதப்படுத்தச் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளோ பெரும்பாலும் முழுமையாகச் சேர்ந்துவிடுகின்றன. பொட்டலத்தின் பின்புறம் இந்த பாஸ்பேட்டுகளைக் குறிக்கும் ஐ.என்.எஸ். 450, 451, 452 என்ற சேர்க்கைப்பொருள் எண்களில் ஏதேனும் இருந்தால் நான் அதை எடுப்பதில்லை. ஈரலிலும் பாஸ்பரஸ் அதிகம்.

இரத்தத்தில் பொட்டாசியம் கூடியவர்களுக்குத் தக்காளியையும் தேங்காய்ப்பாலையும் குறைக்க வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்றதும் சிலர் கடைகளில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்புக்கு மாறுகிறார்கள். அவற்றில் பலவற்றிலும் சோடியத்திற்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதைக் கோழிக்குழம்பில் மட்டுமல்ல, எந்தக் குழம்பிலும் போடக்கூடாது.