தோட்டத்துக் கோயிலும் பள்ளியும் வரைபடத்தில் ஏற: உள்ளூர்த் திட்டத்துக்கு ஆட்சேபம் கொடுத்த அனுபவம்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டம் கைமாறுகிறது என்று செய்தி வந்தால், எல்லாரும் முதலில் போய் நிற்பது சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில்தான். போகலாம், தப்பில்லை. ஆனால் கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு ஆகியவற்றின் கதி பெரும்பாலும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு வரைபடத்தில் முடிவாகியிருக்கும். அதுதான் ரஞ்சாங்கான் தெம்பாத்தான், அதாவது உள்ளூர்த் திட்டம். வரைவு பொதுப் பார்வைக்கு வந்த சமயத்தில் ஆலய நிர்வாகமும் பள்ளி வாரியமும் சேர்ந்து ஆட்சேபம் கொடுத்த முறையை, அடுத்து வரும் ஊர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறோம்.

எல்லாம் நடப்பது 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் (சட்டம் 172) கீழ். 13ஆவது பிரிவுப்படி வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, நாளிதழ்களில் அறிவித்து, ஆட்சேபத்துக்குக் குறைந்தது 4 வாரம் தர வேண்டும். இந்தக் கட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. தோட்டத்து மக்களுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு இந்தச் சட்டத்தில் இல்லை. காரணம், தனித்தனி மேம்பாட்டு விண்ணப்பத்துக்கு அண்டை நிலத்தார் 21 நாளில் ஆட்சேபிக்கும் உரிமை (பிரிவு 21(6)) நில உரிமையாளருக்கு மட்டும்தான்; அதுவும் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில்தான். லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தவருக்கு அங்கே இடமே இல்லை. திட்டம் அரசிதழில் வெளியாகி நடப்புக்கு வந்த பிறகோ அதற்கு முரணான மேம்பாட்டுக்கு அனுமதி தரக்கூடாது என்று பிரிவு 22(4) சொல்கிறது. ஆக, வரைபடத்தில் உங்கள் கோயில் இருந்தால் சட்டம் உங்கள் பக்கம். இல்லாவிட்டால், கோயிலின் மேல் வீடு கட்டுவதுதான் திட்டப்படி சரி என்றாகிவிடும்.

அறிவிப்பு வந்ததும் நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய் இரண்டைக் கேளுங்கள்: எழுத்துப்பூர்வ அறிக்கை, முன்மொழிவு வரைபடம். மாவட்டத்தைத் திட்டமிடல் தொகுதிகளாகவும் அவற்றைச் சிறு தொகுதிகளாகவும் பிரித்து எண் கொடுத்திருப்பார்கள். அந்தச் சிறு தொகுதியின் எண்ணுக்குத்தான் பிபிகே (பிளோக் பெரஞ்சாங்கான் கெச்சில்) எண் என்று பெயர். உங்கள் தோட்டம் விழும் பிபிகே பக்கம், வண்ணக் குறிப்புப் பக்கம், நிலப் பயன்பாட்டு அட்டவணை மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணத்தை மட்டும் பார்த்துத் திரும்பி விடாதீர்கள். எந்த வகை நிலத்தில் எதைக் கட்டலாம் என்பது அட்டவணையில்தான் இருக்கிறது.

பிறகு நில அலுவலகம். தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 384ஆவது பிரிவின்படி தனியார் தேடல் போட்டால் லாட் (நிலத் துண்டு) எண், உரிமையாளர், நிலத்தின் வகை, நிபந்தனை எல்லாம் கிடைக்கும். பழைய தோட்டம் துண்டாடப்பட்டு லாட் எண் மாறியிருந்தால், ஊரார் சொல்லும் எண்ணுக்கும் அரசாங்கப் பதிவுக்கும் பொருந்தாது. தவறான எண்ணோடு போன கடிதத்தை அதிகாரி எந்த இடத்தோடும் சேர்க்க முடியாது. துண்டாடல் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல, இந்த வட்டாரத்துக்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதை எதிர்கொள்ளத்தான்.

அடுத்த சிக்கல் அளவு. பல நூறு ஏக்கர் தோட்டம் முழுவதும் ஒரே லாட்டாக இருக்கும், கோயிலோ அரை ஏக்கர். வரைபடம் தயாரித்தவர்களிடம் அந்த லாட் மொத்தமும் 'விவசாயம்' என்றே பதிவாகியிருக்கும். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, கோயில் அங்கே இருக்கிறது என்ற தகவல் அவர்களிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதனால் லாட் எண்ணோடு நான்கு மூலைகளின் ஜிபிஎஸ் எண்களையும் கொடுங்கள். கைப்பேசி சில மீட்டர் தவறும், ஆனாலும் திட்ட வரைபடத்துக்கு அது போதும். உரிமம் பெற்ற நில அளவையாளர் பின்னால் நிலப் பட்டா வேலைக்குத் தேவைப்படுவார். இப்போதே அவருக்குச் செலவழிக்க வேண்டாம். பரப்பை ஹெக்டரில் எழுதுங்கள்: அரை ஏக்கர் என்றால் 0.2 ஹெக்டர், 21,780 சதுர அடி. மூலஸ்தானத்தை மட்டும் அளந்து நிறுத்திவிடக் கூடாது. தீமிதிக் குழி, தேர் திரும்பும் இடம், மடப்பள்ளி, கார் நிறுத்தும் இடம், ஆற்றுக்குப் போகும் பாதை ஆகிய எல்லாம் எல்லைக்குள் வர வேண்டும்.

கடிதம்தான் முக்கியம். பலர் இரண்டு பக்கத்துக்குக் கோயில் வரலாறு எழுதி, அடியில் நூற்றுக்கணக்கில் கையெழுத்து வாங்குகிறார்கள். அத்தனை கையெழுத்தும் ஒரே மனுவில் இருந்தால் ஒரே ஆட்சேபமாகவே பதிவாகும். ஆட்சேபப் பாரத்தில் அதிகாரி நிரப்ப வேண்டிய கட்டங்கள் வேறு: எந்த பிபிகே, எந்த லாட், என்ன பிரச்சினை, என்ன மாற்றம். அதற்கு ஏற்றபடி எழுதுங்கள்: 'பிபிகே எண் இன்னது, லாட் இன்னது, இணைப்பு 'அ'வில் காட்டிய 0.2 ஹெக்டர் பகுதியைக் குடியிருப்பிலிருந்து நிறுவனம், சமூக வசதி (சமயம்) என்று மாற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்.' மலாயில் எழுதுங்கள். கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, இடுகாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுங்கள். ஒரு கோரிக்கை விழுந்தாலும் மற்றவை நிற்கும். 'தொடாதீர்கள்' என்று மட்டும் எழுதினால் மாற்றி எழுத அவர்கள் கையில் எதுவும் இருக்காது.

இணைப்பாகச் சங்கப் பதிவுச் சான்றிதழ், பழைய மின்கட்டண ரசீது, தோட்ட நிர்வாகம் முன்பு கொடுத்த கடிதம், தேதியுள்ள படங்கள் போதும். பள்ளி தோட்டத்து நிலத்தில் இருக்கும், அரசாங்கத்திடம் பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளி என்றால் அதையும், மாணவர் எண்ணிக்கையையும் குறிப்பிடுங்கள்.

'நேரில் விளக்க விரும்புகிறோம்' என்ற வரியைக் கடிதத்திலேயே சேர்க்க மறக்க வேண்டாம். மாநிலத் திட்டமிடல் குழு நியமிக்கும் மூவர் குழு 14ஆவது பிரிவின்கீழ் ஆட்சேபங்களை விசாரிக்கும். கடிதத்தில் கேட்காதவரைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஒருவர் மட்டும் பேசட்டும்; ஏ3 தாளில் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு, எல்லையைச் சிவப்புக் கோட்டில் காட்டி, மூன்று பிரதி கொண்டு போங்கள். ரப்பர் முத்திரையோடு கடிதத்தின் பெறுகைப் பிரதியும் கையில் இருக்க வேண்டும். உங்கள் பகுதி நகராண்மைக் கழக உறுப்பினரிடமும் ஒன்று கொடுத்து வையுங்கள். உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டதிலிருந்து அவர்கள் நியமன உறுப்பினர்கள்தாம். ஆனால் முழு மன்றக் கூட்டம், மூடுவதாகத் தீர்மானித்தால் ஒழிய, பொதுமக்களுக்குத் திறந்தது (உள்ளாட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, பிரிவு 23). போய் உட்காரலாம்.

முடிவு மூன்று வகையாக வரலாம்: ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, பகுதியாக ஏற்கப்பட்டது. மூன்றாவதில் கவனம் வேண்டும். 'மேம்பாட்டு அனுமதிக் கட்டத்தில் பரிசீலிக்கப்படும்' என்ற பதில் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வண்ணம் மாறியிருக்காது, அட்டவணையில் ஒரு வரி ஏறியிருக்காது. அப்படி வந்தால், அந்தப் பரிசீலனையை அந்த பிபிகேயின் அட்டவணையில் குறிப்பாகச் சேர்க்கும்படி உடனே எழுத்தில் கேளுங்கள்.

வண்ணம் மாறிவிட்டால் நிலம் கோயிலுக்குச் சொந்தமாகிவிட்டது என்று ஊரில் பேச்சு கிளம்பும். இல்லை. நிலம் இன்னும் தோட்டத்துடையது. அரசாங்க நிலமானால் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 62ஆவது பிரிவின்கீழ் ஒதுக்கீடு கேட்டு மனுச் செய்யலாம். தனியார் நிலமானால் உரிமையாளர் அந்தத் துண்டை அரசாங்கத்திடம் சரணளிக்க (ஒப்படைக்க) வேண்டும். பெரும்பாலும் மேம்பாட்டாளர் நிலத்தைச் சரணளித்துத் திரும்பப் பெற அதே தொகுப்பின் 204டி பிரிவில் விண்ணப்பம் போடும் நேரத்தில்தான் அதற்கு வழி பிறக்கும். அந்தத் துண்டை ஒதுக்கச் சொல்லி மாநில அரசு நிபந்தனை போடலாம். அதற்கு ஆதாரமாக, அரசிதழில் வெளியான திட்டத்தின் உங்கள் பிபிகே பக்கத்தையும் அட்டவணையையும் சான்றளித்த பிரதியாக வாங்கி மனுவோடு இணையுங்கள். நில அளவையாளரை அழைக்க வேண்டிய நேரம் இதுதான்.