எலிக்கு வாங்குன கோலிகுண்டும் சித்தப்பா வீட்டுப் பூட்டும்

எங்க சித்தப்பாவுக்கு ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல கணக்கு வேலை. சேலத்துல வீட்டைப் பூட்டிட்டு பஸ் ஏறுனா 20 கொண்டை ஊசி வளைவுல மூணாவது வர்றதுக்குள்ள பூட்டுனமா இல்லையான்னு ஆரம்பிச்சிடும், ரெண்டு தடவை பாதியில இறங்கி கீழ போற வண்டியப் புடிச்சு திரும்பி வந்திருக்காரு. இப்படி ஒரே நினைப்பு விடாம வந்து திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய்க்கு ஓசிடின்னு ஒரு பேரு இருக்குன்னே நான் எம்.ஃபார்ம், அதாவது மருந்து மேற்படிப்பு, சேந்தப்புறம் தான் வீட்டுல தெரிஞ்சுது.

ப்ராஜெக்ட்டும் அதுலயே அமைஞ்சுது. ஓசிடிக்குக் குடுக்குற ஃப்ளுவாக்சிடின் மாத்திரை மட்டும் கேக்காதவங்களுக்கு டாக்டருங்க ரிஸ்பெரிடோன்னு இன்னொரு மனநோய் மருந்தைக் கொஞ்சமா சேத்துக் குடுப்பாங்க, அதை சுண்டெலியில பாக்கணும். எலி கோலிகுண்டை விடாம மூடுறதை ஓசிடி மாதிரின்னு எடுத்துக்கிட்டு, மருந்து குடுத்தா அது குறையுதான்னு பாக்குறதுதான் சோதனை. செவ்வாப்பேட்டை கடையில நூறு கோலிகுண்டு கேட்டேன். "பையனுக்காம்மா?" "இல்லண்ணா, எலிக்கு." அப்புறம் அவரு எதுவும் கேக்கல.

கூண்டுல 5 செ.மீ மரத்தூள், மேல 20 குண்டு வரிசையா. எலிய விட்டா முன்னங்காலால தூளைத் தள்ளித் தள்ளி மூடும், 30 நிமிஷம் கழிச்சு மூணுல ரெண்டு பங்கு மறைஞ்ச குண்டை எண்ணணும். மொத நாள் குண்டைக் கழுவாம அடுத்த எலிக்கு வச்சு, பழைய எலி வாசனையோட, அன்னைக்கு எடுத்த ரீடிங் பூரா குப்பை.

காம்பினேஷன்னா சும்மா ரெண்டையும் கலந்து ஊசி போடுறது இல்ல. தனித்தனியா குடுத்தா பெருசா ஒண்ணும் ஆகாத டோஸ் புடிக்கணும், மருந்தில்லாம வெறும் உப்புத்தண்ணி போடுற சலைன் குரூப்பு, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குரூப்பு, சேத்து ஒண்ணு, அப்பதான் குறைஞ்சா சேந்ததாலன்னு சொல்லலாம். அப்பவும் நம்ப முடியாது, ரிஸ்பெரிடோன் தூக்கம் தள்ளும், தூங்கி வழியுற எலி எந்தக் குண்டை மூடும்? அதனால ஆக்டோஃபோட்டோமீட்டர்ல நடமாட்டத்தையும் எண்ணியே ஆகணும். போதாததுக்கு, மனுஷங்க கல்லீரல்ல ரிஸ்பெரிடோன உடைக்கிற என்சைம ஃப்ளுவாக்சிடின் தடுக்கும், ரத்தத்துல அளவு தானா ஏறிடும், இது கூட்டு வேலையா இல்ல டோஸ் கூடுனதான்னு தனி தலைவலி.

எனக்கு உறுத்துறது வேற. எலிக்கு ஒரே ஒரு ஊசியில குண்டு மூடுறது குறையுது, மனுஷனுக்கு அதே மருந்து புடிக்க 8, 12 வாரம் ஆகுது. ஓசிடிக்குப் பெருசா உதவாத பதட்ட மருந்து டயசிபாம் குடுத்தாலும் எலி குண்டை விட்டுடுது. இது ஓசிடியா இல்ல சுண்டெலிக்கு இருக்குற தோண்டுற புத்தியான்னு கைடுகிட்ட கேட்டேன், மொத தீசிஸ முடின்னாரு.

சித்தப்பா இப்ப மாத்திரை சாப்புடுறாரு. "ஏம்மா, எலி பூட்டத் திரும்பிப் பாக்குமா?"ன்னாரு. அப்படியும் ஒரு மாடல் இருக்கு சித்தப்பா, குவின்பிரோல் ஊசிய வாரக்கணக்குல போட்ட பெரிய எலி ஒரே எடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிப் பாத்துட்டு வரும்னு சொன்னேன்.

"அதுக்கு பஸ் காசு மிச்சம்"னாரு.