கெந்தினால் குறில், எட்டி வைத்தால் நெடில்

'கல்' என்று எழுதிக் காட்டினால் 'கானா, இல்லன்னா' என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பிள்ளைகள் தரம் ஒன்றில் நிறையப் பேர். எழுத்துத் தெரியும், அதன் பெயரும் தெரியும், சொல் மட்டும் வராது. 'கானா'வை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் அது 'கல்' ஆகாதே. ஏடு தொடக்கிய நாளிலிருந்து பெயரையே கேட்டு வந்த பிள்ளைக்கு ஒலியைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். ஐந்து வயதில் அதற்குக் கரும்பலகையைவிட முற்றம் நல்லது.

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை என்பதே கண் இமைக்கும், கை நொடிக்கும் நேரம்தான். உடம்பால் அளந்த அந்த அளவைக் காலுக்கு மாற்றினால் விளையாட்டு வந்துவிடும். குறிலுக்கு ஒற்றைக்காலில் ஒரு கெந்தல். நெடிலுக்கு நீளமாக ஓர் எட்டு. பின்கால் வந்து சேரும்வரை ஒலியை இழுக்க வேண்டும். மெய்க்கு முன்னே போவதில்லை, நின்ற இடத்திலேயே பாதத்தை அழுத்தி ஒலியை நிறுத்த வேண்டும். 'பல்' என்றால் கெந்து, நில். 'பால்' என்றால் எட்டு, நில். 'பாட்டு' என்றால் எட்டு, நில், கெந்து. (கடைசி உகரம் குற்றியலுகரம், அதற்கு அரை மாத்திரைதானே என்று இலக்கணம் படித்தவர்கள் கேட்பார்கள். சரிதான். இந்த வயதில் அதையும் ஒரு கெந்தலாகவே விடுங்கள்.)

முதல் மூன்று நாள் எழுத்தே வேண்டாம், காது மட்டும் போதும். கல் – கால், படம் – பாடம், விடு – வீடு, குடை – கூடை, எடு – ஏடு, கொடு – கோடு. ஒரு சோடியை மாற்றி மாற்றி ஆறு தரம் சொல்லுங்கள். வழக்கமாக நடக்கும் பிழை இரண்டு. ஒன்று, நெடில் வரும்போது ரீச்சர் தன்னை அறியாமல் தலையை ஆட்டிவிடுவார்; பிள்ளை காதை விட்டுவிட்டுத் தலையைப் பார்த்து எட்டு வைக்கும். பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று சொன்னால் இது தீரும். மற்றது, வாய் மூடிக் கெந்துவது. காலும் வாயும் ஒன்றாகப் போகாவிட்டால் அது வெறும் தேகாப்பியாசம்.

பிறகு எழுத்து. ப, ம, ட, க, ல என்ற ஐந்தும், அரவும் ('பா'வில் பின்னால் வரும் கால்), குற்றும் (மெய்யின் மேல் வைக்கும் புள்ளி) போதும். பதினைந்து வடிவங்கள் வரும். படம், பாடம், பட்டம், கட்டம், கப்பல், கடல், பக்கம், மடல், மாமா, கால், பால் எல்லாம் இதற்குள்ளேயே இருக்கின்றன. பகலையும் கடகத்தையும் இரண்டாம் கிழமைக்கு வையுங்கள். அவற்றில் நடுவில் வரும் ககரம் 'கல்'லில் உள்ளதுபோல் இறுக்கமாக ஒலிக்காது. அங்கே பிள்ளையைத் திருத்தி அழுத்திச் சொல்ல வைக்கக் கூடாது. வீட்டில் கடகம் புழங்கும் பிள்ளை சொல்லை அடையாளம் கண்டதும் ஒலியைத் தானே சரியாக்கிக்கொள்ளும்.

எழுத்தை எழுத நிலத்தில் கீறும் பெட்டி 40 சென்ரிமீற்றர் சதுரமாக இருக்கட்டும்; அதைவிடப் பெரிதானால் ஐந்து வயதுக் கால் கோட்டில் விழும். எல்லா எழுத்தும் தொடக்கக் கோட்டைப் பார்த்தே இருக்க வேண்டும், பிள்ளைகள் ஒரே பக்கத்தால்தான் வர வேண்டும். சுற்றிவர நின்று ஓடவிட்டால் பாதிப் பேர் தலைகீழான எழுத்தைத்தான் பார்ப்பார்கள். முல்லைத்தீவுக் கரையோர மணலில் கோடு இரண்டு ஓட்டத்தில் அழிந்துவிடும். அங்கே உரப்பையை வெட்டி, எழுதி, மூலைகளில் கல் வைக்கலாம். எந்த மண்ணானாலும் முதலில் நெருஞ்சி முள்ளைப் பாருங்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்பார்கள். காலை ஒன்பதுக்கு முன், பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் வெயிலும் விடாது, கவனமும் நில்லாது.

அதிகம் சிக்குவது கொம்பில். 'கெ'யில் கொம்பு முன்னுக்கு நிற்கிறது, ஒலி பின்னுக்கு வருகிறது. இடமிருந்து வலமாகப் பழகிய பிள்ளை 'எக்' என்று வாசித்தால் அது சோம்பேறித்தனமல்ல, கண் கண்டதை அப்படியே சொல்கிறது. இதற்கு ஆள் எழுத்து விளையாட்டு. அரை பிறிஸ்ரல் போட்டில் க, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, அரவு என்று நான்கு மட்டை. மட்டையை நெஞ்சில் பிடிக்கவிடாதீர்கள். எழுத்துக்காரரின் இடம் பார்ப்பவர்களுக்கு வலமாகி எல்லாம் குழம்பும். முதுகில் நூலால் கட்டி, பார்ப்பவர்களுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தால் எல்லோருக்கும் இடம் இடமே.

கொம்புக்காரி முதலில் போய் நிற்பாள், ஆனால் வாய் திறக்க மாட்டாள். அவளுக்கு வலப்பக்கம் நிற்கும் ககரக்காரன் காலை உதைத்து 'க்' என்ற பிறகுதான் அவள் ஒரு கெந்துக் கெந்தி 'எ' என்பாள். வகுப்பு இரண்டையும் சேர்த்துக் 'கெ' என்று கத்தும். இடமும் முறையும் வேறு என்பது அந்த ஒரு கெந்தலில் பிடிபடும். 'கொ'வுக்குக் கொம்பும் அரவும் இரண்டு பக்கமும் நின்று ககரத்தின் கைகளைப் பிடித்து ஒரே நேரத்தில் கெந்தி 'ஒ' என்ன வேண்டும். தனித்தனியே கெந்தினால் 'கெஆ' என்றுதான் கேட்கும். ஒற்றைக் கொம்பு போய் இரட்டைக் கொம்பு வந்தால் கெந்தல் எட்டாக மாறும், 'கோ'. உகர வரிசையை இதில் கொண்டுவர வேண்டாம். கு, பு, து என்று அது எழுத்தோடு ஒட்டி வெவ்வேறு வடிவம் எடுப்பதால் முழு எழுத்தாகவே பழக்குவது நல்லது.

கிளித்தட்டு எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. குறுக்குக் கோட்டில் மறிப்பவர் சொல் மட்டையைக் காட்டுவார், சரியாக வாசித்தால் வழி விட வேண்டும். ஆனால் கிளியாக நிற்பவர் துரத்தத் தொடங்கினால் பிள்ளை மட்டையைப் பார்க்காமல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு ஓடும். எனவே மட்டை காட்டியதும் கிளி ஐந்து எண்ணிவிட்டே அசையலாம். கூட்டமாக ஓடவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளையின் பின்னால் மற்றவர்கள் ஓடுவார்கள். இருவர் இருவராக, வேறு வேறு மட்டையோடு விடுங்கள். வாசிக்காமல் வெல்ல வழியிருந்தால் பிள்ளைகள் அதை முதல் நாளே கண்டுபிடிப்பார்கள்.

ழகரத்தையும் ளகரத்தையும் காது விளையாட்டில் சேர்க்க வேண்டாம். வீட்டில் மழையும் 'மளை'யாகவே கேட்கும் பிள்ளையிடம் வித்தியாசம் கேட்பது நியாயமில்லை. நகர னகரமும் அப்படியே. இவை கண்ணால் பழக வேண்டியவை.

மாரியில் முற்றம் சேறானால் இதே முறையை மேசையில் கையால் செய்யலாம். குறிலுக்குத் தட்டு, நெடிலுக்கு உள்ளங்கையை இழு, மெய்க்கு அழுத்து. கெந்த முடியாத பிள்ளை இருந்தால் வெயில் காலத்திலும் முழு வகுப்புமே கையால் விளையாடட்டும்.

அடுத்த நாள் காலை பிள்ளையை இருத்தி, அசைவில்லாமல், ஐந்து சொல் மட்டைகளைக் காட்டுங்கள். நான்கை வாசித்தால் ர, வ, ய மூன்றையும் சேர்க்கலாம். மரம் வரும், வயல் வரும், அதன் பக்கத்தில் வாய்க்காலும் வரும்: எட்டு, நில், நில், எட்டு, நில்.