வளவுல உக்காந்து செஞ்ச சேட்டைக்கு டி.சி.யா?

நான் காரைக்குடியில் படித்த காலத்தில் வாத்தியாரின் அதிகாரம் ஊர் முழுக்கச் செல்லும். சாயங்காலம் கல்லுக்கட்டிப் பக்கம் சிகரெட்டும் கையுமாக நின்றதைப் பார்த்தாலும் சரி, ஊருணியில் குதித்ததைப் பார்த்தாலும் சரி, சிறாவயல் மஞ்சுவிரட்டுக்கு லாரியில் தொங்கிக்கொண்டு போனதைப் பார்த்தாலும் சரி, மறுநாள் பிரேயர் முடிந்ததும் கணக்கு தீர்ந்துவிடும். வீட்டில் போய்ச் சொன்னால் இன்னும் இரண்டு விழும். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டு வந்த அப்பாக்கள்தான் எல்லோரும். வெளியே செய்ததற்குப் பள்ளி தண்டிக்கலாமா என்று எங்களில் யாரும் கேட்டதே இல்லை.

இப்போது அந்தக் கேள்வி எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இங்கே எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான், கலெக்டர் லீவு விட்டாரா இல்லையா. பக்கத்து வீட்டுப் பையன், ஒன்பதாம் வகுப்பு, பழைய மழை விடுமுறை அறிவிப்புப் படம் ஒன்றை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். நான் பிறகு அந்தப் படத்தைப் பார்த்தேன். தேதி மட்டும் மற்ற எழுத்துகளைவிடத் தடிமனாக, லேசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கிழமையை மாற்றவே மறந்திருக்கிறான். ஆனால் லீவு என்று வந்தால் யார் கிழமையைப் பார்க்கிறார்கள்? படம் குழு குழுவாகத் தாவி வேன் டிரைவர் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, அவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். கோட்டையூர், பள்ளத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. அன்றைக்கு நடக்க வேண்டிய பரீட்சை தள்ளிப்போனது. (சில டீச்சர்களும் படத்தை நம்பத் தயாராக இருந்தார்கள் என்று கேள்வி.)

பையனை வரச்சொல்லி, "டி.சி. வாங்கிட்டுப் போயிருங்க" என்றுவிட்டார்கள். கூடப் போன அவன் அப்பத்தா விடவில்லை. "எங்க வீட்டு வளவுல உக்காந்து, எங்க போன்ல, ராத்திரி செஞ்சதுக்கு நீங்க எப்படி சார் தண்டிக்கலாம்?" (வளவு என்றால் எங்கள் பக்கத்து வீடுகளின் உள்முற்றம்.) தலைமையாசிரியரும் லேசுப்பட்டவர் இல்லை. "ஆச்சி, செஞ்சது உங்க வளவுலதான், காலியாக் கிடந்தது என் பெஞ்சுல்ல" என்றாராம்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் சிக்கல். இந்த வழக்கு நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. 1893ல் இங்கிலாந்தில், பள்ளிக்கு வரும் வழியில் இன்னொரு பையனை அடித்தவனைத் தலைமையாசிரியர் தண்டித்தது செல்லும் என்று தீர்ப்பானது. 1929ல் இன்னொன்று: பள்ளி விட்டபிறகு தெருவில் சிகரெட் பிடித்த பையனுக்குப் பிரம்படி, அப்பா நீதிமன்றம் போனார், தோற்றார். பிள்ளையைப் பள்ளியில் விடும்போதே அதன் நியாயமான விதிகளையும் ஏற்றுக்கொண்டாய் என்பதுதான் வாதம். நம்ம ஊர் அப்பாக்கள் கண்ணு, தோலு என்று சொன்னதை அங்கே சட்டமொழியில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2006ல் அங்கே வந்த சட்டத்தில், வளாகத்துக்கு வெளியே நடப்பதையும் நியாயமான அளவுக்குத் தலைமையாசிரியர் கட்டுப்படுத்தலாம் என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் வேறு மாதிரி. பென்சில்வேனியாவில் ஒரு மாணவி, சியர்லீடிங்கில் (ஆடிப் பாடி விளையாட்டு அணியை உற்சாகப்படுத்துவது) மூத்தோர் அணிக்குத் தேர்வாகாத கோபத்தில், சனிக்கிழமை ஒரு கடையில் நின்றுகொண்டு பள்ளியைக் கெட்ட வார்த்தையில் திட்டி ஸ்னாப்சாட்டில் போட்டாள். 24 மணி நேரத்தில் தானாக அழியும் பதிவுதான், ஆனால் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டார்கள் (எல்லா ஊரிலும் ஒரு ஆள் இருப்பான் போல). ஒரு வருஷத்துக்கு அவளை அணியிலிருந்தே நீக்கினார்கள். 2021ல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவள் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஸ்டீபன் பிரேயர் எழுதியதன் சாரம்: வெளியே இருக்கும்போது பிள்ளைக்குப் பெற்றோர்தான் பொறுப்பு, பள்ளி 24 மணி நேரமும் கையை நீட்டினால் அந்தப் பிள்ளை எங்கேதான் பேசும்? ஆனால் கொடுமைப்படுத்துவது, மிரட்டுவது மாதிரி விஷயங்களில் பள்ளி தலையிடலாம் என்று கதவைத் திறந்தும் வைத்தார்கள். இந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான பேச்சுரிமைச் சட்டம் அங்கே அரசுப் பள்ளிகளுக்கு மட்டும், நமக்குச் செல்லாது. ஆனாலும் கேள்வி நம்முடையதும்தான்.

நம் சட்டம் எங்கே செய்தான் என்று பார்ப்பதில்லை, எப்படித் தண்டிக்கிறாய் என்றுதான் பார்க்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் அடியும் மன உளைச்சலும் கூடாது என்கிறது, 16ஆம் பிரிவில் எட்டாம் வகுப்பு முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்கிறது. (சிறுபான்மைப் பள்ளிகளை 2014 தீர்ப்பு இதிலிருந்து விலக்கிவிட்டது, அது தனிக் கதை.) கவனியுங்கள், எட்டு வரைக்கும்தான். அதே படத்தை அதே பையன் முந்தின வருஷம் போட்டிருந்தால் டி.சி. என்ற பேச்சையே எடுத்திருக்க முடியாது. ஒன்பது என்றதும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது, பத்தாம் வகுப்பு ரிசல்ட் பயம் பள்ளிக்கு வந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால், பையன் செய்தது பள்ளிக்குள் வந்து எதையாவது கெடுத்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். லீவு படம் கெடுத்தது, சந்தேகமே இல்லை, பள்ளி கேட்கலாம். கூடப் படிக்கும் பெண்ணின் போட்டோவை மாற்றி ஓட்டினால் அது எந்த வீட்டில் நடந்திருந்தாலும் பள்ளி கேட்டே ஆகவேண்டும், ஏனென்றால் அந்தப் பெண் மறுநாள் அதே வகுப்புக்குத்தான் வரவேண்டும். அதைக் குறும்பு என்று சொல்வதே தப்பு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரின் தொப்பையை வைத்து ஒரு மீம் போட்டார்கள் என்றால்? கோபம் வரும், நியாயம்தான். அந்தக் கோபத்துக்கு டி.சி. எழுத வேண்டியதில்லை. நாங்களும் வாத்தியார்களுக்குப் பட்டப்பெயர் வைத்தோம், அப்போது ஸ்கிரீன்ஷாட் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது, அப்பத்தாவுக்குப் பிடிக்காது. பள்ளி கேட்காவிட்டால் யார் கேட்பார்கள்? கலெக்டர் பேரில் பொய் அறிவிப்பு என்பது போலீஸ் சமாச்சாரம். 2016 சிறார் நீதி மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தாலொழிய 18 வயதுக்குட்பட்டவர்மேல் எஃப்.ஐ.ஆர். போடக்கூடாது, சரி. ஆனாலும் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளையைப் பற்றி இந்த ஊர் எத்தனை வருஷம் பேசும் என்று எனக்குத் தெரியும். அதற்கு, ஒரு வாரம் சாயங்காலம் வகுப்பில் நிற்கவைத்து விடுபட்ட பாடத்தை எழுதச் சொல்வது எவ்வளவோ மேல். பள்ளி அந்த வேலையைச் செய்யலாம். டி.சி. கொடுப்பது என்பது அந்த வேலையை அடுத்த பள்ளியின் தலையில் கட்டுவது.

கடைசியில் பையனுக்கு டி.சி. கொடுக்கவில்லை. அப்பா எழுதிக் கொடுத்தார், பையன் வேன் டிரைவர் உட்பட எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான், முடிந்தது. ஆனால் எந்த விதியை வைத்து டி.சி. என்றார்கள் என்று அன்றைக்கு யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் பள்ளி டைரியை எடுத்துப் பார்த்தேன். தலைமுடி எவ்வளவு நீளம், ரிப்பன் என்ன நிறம், மருதாணி கூடாது, கம்மல் எப்படி என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. வீட்டில் போனை வைத்துக்கொண்டு என்ன செய்தால் பள்ளி கேட்கும், எதற்குக் கேட்காது என்று ஒரு வரி கூட இல்லை. ஜூன் மாதம் பெற்றோர் கூட்டத்தில் இதை எழுத்தில் கேட்கப் போகிறேன். என் மகளும் இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள், அவள் கையிலும் போன் இருக்கிறது.