தாத்தகுணி வீட்டுக்காரர்கள்

மார்ச் 9, 2025, ஞாயிறு

1994இல் தேவிகா ராணி இறந்த தேதி இது. பெங்களூரில் சில்க் இன்ஸ்டிடியூட் வரை மெட்ரோவில் போய், கனகபுரா ரோட்டில் தாத்தகுணி எஸ்டேட் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். ரோட்டிலிருந்து வீடு கண்ணில் படாது, மரங்கள்தான். ஓவியரான கணவர் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக்கும் அவரும் வாழ்ந்த இடம், சமாதிகளும் உள்ளேதான்.

டீக்கடைக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கம். “யாரோ சினிமா நடிகை தோட்டமுங்க சார்” என்றார்.

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. அவர் நடித்தது 1933 முதல் 1943 வரை, பத்தே ஆண்டு. ரோரிக்கோடு குடும்பம் நடத்தியது 1945இலிருந்து 1993 ஜனவரியில் ரோரிக் இறக்கும்வரை, 47 ஆண்டு. பெரும்பகுதி வாழ்க்கை இந்த வேலிக்குள்தான் கழிந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அங்கே அவர்கள் வளர்த்தது லினாலோ. மெக்ஸிகோ மரம். அந்த ஊரில் கட்டையிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள். நம் நாட்டில் காயின் தோலை வடித்து எடுக்கிறார்கள். சென்ட் கம்பெனிகளுக்குப் போகும் சரக்கு. முதல் தாதாசாகேப் பால்கே விருது வாங்கியவர் எண்ணெய்க் கணக்கும் பார்த்திருப்பார் என்று நினைக்கவே பிடித்திருக்கிறது. முதல் கணவர் ஹிமான்சு ராய் இறந்தபின் பாம்பே டாக்கீஸ் என்ற சினிமா ஸ்டூடியோவையே நடத்தியவருக்கு இதெல்லாம் எம்மாத்திரம்!

மார்ச் 15, சனி

சித்ரகலா பரிஷத், ரோரிக் கேலரி. அப்பா நிகோலஸ் ரோரிக் வரைந்த இமயமலைகளை விட்டு மகன் ஸ்வெதோஸ்லாவின் படங்களுக்கு வந்தால் நிறம் சூடேறுகிறது. நாடாளுமன்ற மைய மண்டபத்து நேரு படத்தை வரைந்த கை. எனக்கு மகன்தான் ஒரு படி மேல், அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா மகள் சட்டம் படிக்கிறாள். தாத்தகுணி என்றதும், “கே.டி. பிளான்டேஷன் கேஸா மாமா? ஆர்டிகிள் 300ஏ!” என்றாள். அரசியலமைப்பில் சொத்துரிமை பற்றிய பிரிவு அது.

தம்பதிக்கு வாரிசு இல்லை. எஸ்டேட்டைக் கையகப்படுத்த கர்நாடக அரசு 1996இல் தனிச்சட்டமே போட்டது. விலைக்கு வாங்கிவிட்டோம் என்று கே.டி. பிளான்டேஷன் கம்பெனி வழக்காடியது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அரசின் சட்டம் செல்லும் என்றது. தனியார் சொத்தை எடுத்தால் இழப்பீடு உண்டா என்ற கேள்விக்கு இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் புரட்டுகிறார்களாம். 468 ஏக்கரும் பிளாட் ஆகாமல் நிற்பது அதனால்தான்.

“அந்தம்மா நடிகைன்னு தெரியுமா?” என்றேன்.

“நிஜமாவா மாமா?”

‘அச்சூத் கன்யா’ போட்டுக் காட்டினேன். 1936 படம். பத்து நிமிஷத்தில் பரீட்சைக்குப் படிக்கணும் என்று எழுந்து போய்விட்டாள். அக்காதான் கடைசிவரை பார்த்தாள்.