மைலோ டின்னில் இருந்த கடலை

புரட்டாசி வந்துவிட்டால், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் பாசாரில் (சந்தையில்) மீன் கடைப் பக்கம் நம் ஆட்களைப் பார்ப்பது அரிது. தவ்ஃபூ என்ற சோயாக் கட்டி விற்கும் சீனத்து அம்மாவுக்குத்தான் மூச்சுவிட நேரமிருக்காது. அப்படி ஒரு சனிக்கிழமை காலையில், பக்கத்து வீட்டுப் பெரியம்மா கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, தக்காளியில மீனோட ஜீனை வச்சிட்டானுங்களாமே! அப்புறம் நான் விரதம் இருந்து என்னய்யா புண்ணியம்?"

பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். தக்காளிக்கு மீன் வால் முளைத்திருந்தது.

ஈப்போவில் ஓர் உணவு ஆய்வுக்கூடத்தில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தெருவுக்கே நான் 'லேப்காரத் தம்பி'. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மீனின் மரபணுவைத் தக்காளியில் ஏற்றிப் பார்த்தார்கள், அது கடைக்கு வரவே இல்லை என்றேன். நம் நாட்டில் 2010இல் உணவு விதிமுறைகளைத் திருத்தி, மரபணு விலங்கிலிருந்து வந்தால் எந்த விலங்கு என்று லேபிளில் போட வேண்டும் என வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அதெல்லாம் சரி. நீ சோதிச்சுப் பார்த்தியா?"

இல்லை. யாராவது காசு கட்டி அனுப்பும் சாம்பிளைத்தான் நாங்கள் சோதிப்போம். ஏற்றுமதிக்குச் சான்றிதழ் தேவைப்படுகிறவர்கள் அனுப்புவார்கள், தொழிற்சாலைகள் அனுப்பும். சுங்கை சிப்புட் பாசார் தக்காளியை யார் அனுப்பப்போகிறார்கள்? அத்தனை வருஷமும் எனக்கு இது தோன்றாமல் போனதே என்று கொஞ்சம் உறைத்தது.

அவர் அடுப்படியில் தக்காளி தீர்ந்திருந்தது. அன்று வாங்கிய தவ்ஃபூ இரண்டு துண்டும், கண்ணில் பட்டதால் பழைய மைலோ டின்னிலிருந்து நாலு கைப்பிடி நிலக்கடலையும் எடுத்துக்கொண்டேன். பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறேன் என்று மேலாளரிடம் அனுமதி வாங்கினேன்.

தவ்ஃபூவை அரைத்து, அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் இயந்திரத்தில் வைத்தோம். நாங்கள் தேடியது '35எஸ்' என்ற சின்னத் துண்டு. காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்தது; புகுத்திய மரபணுவை வேலை செய்ய வைக்கும் பொத்தான் மாதிரி. மரபணு மாற்றிய சோயா வகைகள் பலவற்றில் அது இருக்கும். இதிலும் இருந்தது. எனக்கு வியப்பில்லை. அமெரிக்காவில் விளையும் சோயாவில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த வகைதான். 3 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் சொல்ல வேண்டும் என்கிறது நம் விதி. தண்ணீர் வாளியில் மிதக்கும் தவ்ஃபூவில் லேபிளை எங்கே ஒட்டுவது? இங்குள்ள பாசாரில் அப்படி ஓர் அறிவிப்பை நான் பார்த்ததே இல்லை.

கடலைதான் வயிற்றைக் கலக்கியது. அஃப்லாடாக்ஸின் ஒரு பூசண நஞ்சு. புற ஊதா விளக்கில் பி வகை நீலமாகவும் ஜி வகை பச்சையாகவும் ஒளிரும். ஆங்கிலத்தில் அந்த நிறங்களின் முதலெழுத்துகளே அவற்றுக்குப் பெயர். கடலையில் அதைப் பிடிப்பது எளிதல்ல. ஆயிரம் மணி நன்றாக இருக்கும், ஒன்றே ஒன்றில் மொத்த நஞ்சும் உட்கார்ந்திருக்கும். அதனால் முழுவதையும் மாவாக அரைத்த பிறகுதான் சோதிப்போம். அளவு சட்ட வரம்பைத் தாண்டிப் போயிருந்தது. அந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

பேராக்கில் அஃப்லாடாக்ஸின் என்ற பெயரை லேசாகச் சொல்ல முடியாது. 1988 அக்டோபரில், சீனர்களின் ஒன்பது பேரரசர் விரத நாள்களில், லோ ஷி ஃபன் என்ற அரிசி நூடுல்ஸ் சாப்பிட்ட 13 குழந்தைகள் இறந்துபோனார்கள். உடல்களில் அஃப்லாடாக்ஸின் கண்டுபிடிக்கப்பட்டது.

இரண்டு முடிவுகளையும் பெரியம்மாவிடம் சொன்னேன். தவ்ஃபூ உடனே குப்பைக்குப் போனது. கடலைக்கு, "பூசணம் புடிச்சத நான்தான் பொறுக்கிப் போட்டுருவேனே" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. உயிரோடு விளையாடுவதை விட்டுவிட்டு ஒன்றும் செய்யாததைத் தூக்கி எறிகிறாரே! அந்தச் சோயாவை எதற்காக மாற்றினார்கள் தெரியுமா என்று விளக்கப்போனேன். களைக்கொல்லி அடித்தால் புல் மட்டும் சாகும், சோயா சாகாது, அதற்குத்தான் என்றேன்.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"புல்லுக்கு அடிக்கிற மருந்தா?"

தோட்டத்தில் அவர் 14 வருஷம் மருந்து அடித்தவர். முதுகில் பம்ப், செம்பனை வரிசைக்கு வரிசை. களைக்கொல்லிகளில் கிளைஃபோசேட்டும் அடித்திருக்கிறார், பாராகுவாட்டும் அடித்திருக்கிறார். பாராகுவாட்டை இந்நாட்டில் 2020இல்தான் ஒரேயடியாகத் தடை செய்தார்கள். அவர் நகங்கள் இன்றும் கறுத்து நெளிந்திருக்கின்றன. காரணம் எதுவென்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை.

"சோயா சாகாதுன்னா, மருந்து அது மேலயே விழும்ல? தவ்ஃபூவுல அது இருக்கான்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. பிசிஆர் அதைச் சொல்லாது. மருந்து எச்சத்துக்கு வேறு இயந்திரம், வேறு கட்டணம். மீன் வால் படத்துக்குப் பதில் சொல்லத் தெரிந்த எனக்கு இதற்குச் சொல்ல எதுவும் இல்லை. அளவோடு இருந்தால் ஆபத்தில்லை என்று முனகினேன். தோட்டத்தில் துரையும் அப்படித்தான் சொன்னார் என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுச் சாம்பாரில் தவ்ஃபூ திரும்பி வந்திருந்தது. பேரனுக்குப் பிடிக்குமாம். மைலோ டின் அதே இடத்தில் இருந்தது. அவர் பூசை அறையில் இருந்த நேரம் பார்த்து, அதிலிருந்ததைக் கொட்டிவிட்டு, பட்டணத்துக் கடையில் வாங்கிய புதுக் கடலையை நிரப்பினேன்.

அந்தக் கடலையையும் நான் சோதிக்கவில்லை.