கோடு

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு விழா மலருக்கு மெய்ப்புப் பார்த்தேன். முதல் பக்கத்தில் அமைச்சரின் படமும் வாழ்த்துச் செய்தியும். பெயருக்கு முன்னால் 'மாண்புமிகு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மாண்டுமிகு' என்று அச்சாகிவிட்டது. மூன்று தடவை படித்திருந்தேன். மூன்று தடவையும் கண் தனக்குத் தெரிந்ததையே வாசித்திருக்கிறது. ஆயிரம் பிரதியும் தைத்து முடிந்த பிறகு பைண்டிங் அண்ணன்தான் கவனித்தார். "தம்பி, இவரு நல்லாத்தானே இருக்காரு?" என்று கேட்டார்.

அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் ஸ்டிக்கர் ஒட்டினோம். முதலாளி திட்டவில்லை, இரண்டு தடவை டீ வாங்கி வரச் சொன்னார். விடிந்தபோது விரலெல்லாம் பசை. அவ்வளவோடு போயிற்று.

பல வருடம் கழித்து ரஷ்ய எழுத்தாளர் லிதியா சுகோவ்ஸ்கயாவின் 'சோஃபியா பெத்ரோவ்னா' குறுநாவலை ஆங்கிலத்தில் படித்தபோது அந்தப் பசை நாற்றம் திரும்ப மூக்கில் ஏறியது. கதை நடப்பது லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்), ஒரு பதிப்பகத்தின் தட்டச்சுப் பிரிவில். நதாஷா என்ற பெண் அவசரத்தில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிடுகிறாள். ரஷ்ய மொழியில் சோவியத் ராணுவத்தின் பெயரான 'செஞ்சேனை' என்பது 'எலிச்சேனை' ஆகிவிடுகிறது. வேலை போகிறது. அது 1937, ஸ்டாலின் ஆட்சியில் கைதுகளின் காலம். எழுத்துப் பிழைக்கும் உள்நோக்கம் கற்பிக்கப்படும்.

இதை எழுதியவர் வெளியில் நின்று வேடிக்கை பார்த்தவர் இல்லை, நம்ம ஜாதிதான். மெய்ப்புத் தாளோடு வாழ்ந்தவர்கள் என்ற அர்த்தத்தில் சொல்கிறேன். குழந்தைகளுக்கு எழுதிய கர்னேய் சுகோவ்ஸ்கியின் மகள், 1907இல் பிறந்தவர். 1928இல் லெனின்கிராடின் குழந்தைகள் பதிப்பகத்தில் ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். நெவ்ஸ்கி சாலையில் 28ஆம் எண் கட்டடம், ஐந்தாவது மாடி. தையல் மெஷின் விற்ற சிங்கர் கம்பெனி கட்டிய கட்டடம் அது, உச்சியில் கண்ணாடி உருண்டை இருக்கும். இன்றைக்கும் நிற்கிறது. அங்கே தலைமை, கவிஞர் சாமுவேல் மர்ஷாக். எழுத்தாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வரிவரியாக வாய்விட்டுப் படிப்பார்கள், காதில் இடறும் இடத்தில் நிறுத்துவார்கள்.

அந்த அறையில் நடந்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். லிதியாவின் கணவர் மத்வேய் புரோன்ஷ்டைன் கோட்பாட்டு இயற்பியலாளர். ஈர்ப்பு விசையைக் குவாண்டம் முறையில் அணுகிய முதல் ஆட்களில் ஒருவர். அவர் சிறுவர்களுக்காக ஹீலியம் பற்றி எழுத உட்கார்ந்தார். எழுதியதோ பாடப்புத்தகம் மாதிரி வந்தது. திரும்ப எழுதினார், அதுவும் சரிப்படவில்லை. எழுத்தைத் திருத்தும் ஆசிரியரே மனைவியாகவும் இருந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கடைசியில் வழி பிறந்தது. முடிவைச் சொல்லாமல், கண்டுபிடித்தவர்கள் தடுமாறிய வரிசையிலேயே சொல்வது. 1868 ஆகஸ்டு 18 அன்று, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில், முழுக் கிரகணத்தின்போது ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்க்கிறார். அதே வருடம் இங்கிலாந்தில் லாக்யரும் பார்க்கிறார். சூரிய ஒளியில் ஒரு மஞ்சள் கோடு. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் அது பொருந்தவில்லை. 1895இல்தான் ராம்சே அந்தப் பொருளைத் தரையில், ஒரு கனிமத்துக்குள் கண்டுபிடிக்கிறார். இதைவிட நல்ல துப்பறியும் கதை எங்கே கிடைக்கும்? 'சூரியப் பொருள்' 1936இல் புத்தகமாக வந்தது.

1937 ஆகஸ்டில் புரோன்ஷ்டைன் கீவில் பெற்றோர் வீட்டில் கைதானார். அடுத்த மாதம் ஆசிரியர் குழுவே சிதறியது. லிதியாவோடு உட்கார்ந்து படி திருத்திய தோழிகள் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கணவரைப் பற்றி விசாரித்துச் சாளரத்துக்குச் சாளரம் வரிசையில் நின்றவருக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்: "பத்தாண்டு, கடிதத் தொடர்பு உரிமை இல்லாமல்."

வாக்கியத்தைத் தட்டிப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அப்படி ஒரு தண்டனையே கிடையாது. சுட்டுவிட்டோம் என்பதற்கு அரசாங்கம் வைத்திருந்த சொல் அது.

'சோஃபியா பெத்ரோவ்னா'வை 1939-40 குளிர்காலத்தில் ஒரு பள்ளி நோட்டில் எழுதினார். கையில் வைத்திருக்க முடியாத நோட்டு. ஒரு நண்பர் வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போரின் லெனின்கிராட் முற்றுகையில் அந்த நண்பர் பட்டினியில் இறந்தார். இறப்பதற்கு முன்னால் அதைத் தன் சகோதரியிடம் சேர்த்துவிட்டார். அதே வருடங்களில்தான் அன்னா அக்மதோவா தாளில் எழுதிக் காட்டும் கவிதைகளை லிதியா மனப்பாடம் செய்வார். அப்புறம் தாளைக் கொளுத்திவிடுவார்கள். படி எடுக்கும் வேலையை மூளையே செய்த காலம்.

ஸ்டாலின் போன பிறகு கொஞ்சம் காற்று வந்தது. ஒரு மாஸ்கோ பதிப்பகம் அந்தக் குறுநாவலுக்கு ஒப்பந்தம் போட்டு, 60 சதவீதம் பணமும் கொடுத்துவிட்டு, 1963இல் பின்வாங்கியது. இவர் நீதிமன்றத்துக்குப் போனார். 1965இல் மீதிப் பணத்தைக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பணம் வந்தது, புத்தகம் வரவில்லை. அதே வருடம் பாரிஸில் வெளியானது. தலைப்பை மாற்றி, பாத்திரங்களின் பெயர்களையும் மாற்றிவிட்டார்கள். சோஃபியா ஓல்கா ஆகிவிட்டாள். நல்ல எண்ணத்தில்கூடச் செய்திருக்கலாம். ஆனால் உள்ளூரில் தடை, வெளியூரில் திருத்தம் என்றால் எதற்கு அதிகம் வலித்திருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. சொந்த நாட்டில் அச்சாக 1988 வரை ஆயிற்று.

1960இல் அவர் எழுதிய 'ஆசிரியரின் ஆய்வுக்கூடத்தில்' என்ற நூல் இந்தத் தொழிலைப் பற்றியது. விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு எல்லாருடைய நடையையும் ஒரே மாதிரி இஸ்திரி போடுகிற ஆசிரியர்களை அதில் ஒரு பிடி பிடிக்கிறார். அந்த இஸ்திரிக்காரர்களில் நானும் ஒருவன். ஒரு மதுரைப் பக்கத்து எழுத்தாளரின் கதையில் 'வெள்ளென' என்று வந்த இடத்தையெல்லாம் 'அதிகாலையில்' என்று மாற்றி, பெருமையோடு அனுப்பினேன். அவர் போனில் கூப்பிட்டார். "சார், எங்க ஆத்தா ஒருநாளும் அதிகாலையில எந்திரிச்சதில்ல. வெள்ளெனத்தான் எந்திரிச்சா." எல்லாவற்றையும் பழையபடி மாற்றிக் கொடுத்தேன். இப்போது பேனாவை எடுக்கும் முன் வாய்விட்டுப் படிக்கிறேன். டிடிபி பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அரசை எதிர்த்தவர்களுக்காகக் குரல் கொடுத்தார் என்று 1974 ஜனவரியில் எழுத்தாளர் சங்கம் அவரை நீக்கியது. பெயர் அச்சிலிருந்து காணாமல் போயிற்று. அதற்குள் கண் பார்வை வெகுவாக மங்கிவிட்டது. தடித்த கறுப்புப் பேனாவால் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக்கொண்டே இருந்தார். 1996இல் இறந்தார்.

கணவரின் 'சூரியப் பொருள்' மறுபதிப்பு வரவேண்டும் என்று விடாமல் அலைந்து, 1959இல் கொண்டுவந்தார். முன்னுரை எழுதியவர், புரோன்ஷ்டைனின் நண்பரான இயற்பியலாளர் லாந்தாவ். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1957இல், இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்திருந்தது. தேதி 1938 பிப்ரவரி 18. இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு. இறந்த இடம் என்ற இடத்தில் இன்னொரு கோடு.

கணவரைப் பற்றிக் கடைசிவரை எழுதி முடிக்காமல் விட்ட புத்தகத்துக்கு அந்தக் கோட்டையே, 'புரோசெர்க்' என்ற அந்த ரஷ்யச் சொல்லையே, பெயராக வைத்திருந்தார். லிதியாவின் மகள் பக்கங்களைச் சேர்த்து 2001இல் வெளியிட்டார்.